கார்மின் ஸீரோ சி1 ப்ரோ: கையால் அடைத்த ரிவால்வர் தோட்டாவின் வேகம் குறையும்போது

தோட்டா அடைக்கும் கையேட்டில் 158 கிரெயின் (கிரெயின் என்பது எடை அலகு) குண்டுக்கு விநாடிக்கு 900 அடி என்று போட்டிருக்கிறது. உங்கள் நான்கு அங்குல ரிவால்வரில் 790தான் வருகிறது. வெடிமருந்தைக் கொஞ்சம் கூட்டிப் பார்க்கலாமா என்று கை துறுதுறுக்கும் இடம் இது. அதற்கு முன் அந்த 790 நிஜமா, நிஜம் என்றால் மீதி 110 அடி எங்கே போயிற்று என்று தெரிந்தாக வேண்டும். காரணம் குழாய் நீளத்திலோ, சிலிண்டருக்கும் குழாய்க்கும் உள்ள இடைவெளியிலோ இருக்கும்போது மருந்தைக் கூட்டினால் வேகம் கொஞ்சம் ஏறும், அறைக்குள் அழுத்தம் ஏற்கெனவே உச்சத்தில் இருந்திருந்தால் அதையும் தாண்டிவிடும். வேகம் குறைவு என்பதாலேயே அழுத்தமும் குறைவு என்று சொல்லிவிட முடியாது. கார்மினின் ஸீரோ சி1 ப்ரோ வேகமானியை இந்த ஒரு வேலைக்கு எவ்வளவு நம்பலாம் என்பதுதான் இந்த மதிப்பீடு. ரைஃபிள்காரர்கள் இதைப் பற்றி நிறையவே எழுதிவிட்டார்கள். ரிவால்வரில் வைத்துப் பார்க்கும்போது சில விஷயங்கள் வேறாக இருக்கின்றன.

2023 இறுதியில் வெளிவந்த, உள்ளங்கையில் அடங்கும் டாப்ளர் ரேடார் இது. விநாடிக்கு 100 அடியிலிருந்து 5,000 அடி வரை அளக்கும்; துல்லியம் ±0.1 சதவீதம் என்று நிறுவனம் சொல்கிறது. பேட்டரி உள்ளேயே இருக்கிறது, யூஎஸ்பி-சி வழியாக ஏறும், ஒரு சார்ஜில் சுமார் ஆறு மணி நேரம். சிறிய முக்காலி பெட்டியிலேயே வருகிறது. மழைச் சாரலுக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஷாட்வியூ என்ற செயலிக்கு எண்கள் தாமாகப் போய்ச் சேரும். சராசரி, நியமவிலக்கம் (எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்பது), அதிக-குறைந்த வித்தியாசம் எல்லாம் கருவியின் திரையிலேயே தெரியும். குண்டின் எடையைக் கொடுத்துவிட்டால் பவர் ஃபேக்டரையும் (எடையை வேகத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்த எண்) போட்டுக் கொடுக்கும். ஒளித்திரை வகை வேகமானியைவிட விலை பல மடங்கு. அந்த வித்தியாசத்துக்குத் தகுந்த பலன் உண்டா என்று கேட்டால், வேகப் பிரச்சினையைத் துருவ வேண்டியவருக்கு உண்டு என்பதே எங்கள் பதில்.

முதல் காரணம், சந்தேகப் பட்டியலிலிருந்து அளவியையே பெரும்பாலும் நீக்கிவிட இது உதவுகிறது. ஒளித்திரை வகையில் குண்டு முதல் உணரியைக் கடந்து இரண்டாவதைக் கடக்கும் நேரத்தை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவே 12 அங்குலம் என்றால், 3 மில்லிமீட்டர் பிசகு ஒரு சதவீதப் பிழை; 850 அடி வேகத்தில் அது எட்டு, ஒன்பது அடி. மடக்குக் கீல் முழுவதும் விரியாமல் நின்றால் உணரிகள் நெருங்கிவிடுவதால் வேகம் கூடுதலாகக் காட்டும். கருவி சாய்ந்திருந்தால் குண்டு கடக்கும் பாதை நீண்டு குறைவாகக் காட்டும்: 5 பாகை சாய்வில் 3 அடி, 10 பாகையில் 13 அடி. இதற்கு மேல் வெயில் சாயும் கோணம், உள்ளரங்க விளக்கின் துடிப்பு, பளபளக்கும் செம்பு உறைக் குண்டு, தளர்ந்த பேட்டரி. ரிவால்வருக்கென்றே ஒரு தொல்லை: மெதுவாக எரியும் மருந்தில் எரியாத துகள்கள் குண்டோடு சேர்ந்தே பறந்து உணரியைத் தூண்டிவிடும். அதனால்தான் ஒளித்திரையைக் குழாய் வாயிலிருந்து பத்து அடியாவது தள்ளி வைக்கச் சொல்கிறார்கள். ரேடாரில் இவற்றில் பெரும்பாலானவை இல்லை. ஒரே தோட்டாவுக்கு ஒளித்திரையும் ரேடாரும் சில அடி வித்தியாசத்தோடு எண் காட்டினால் திகைக்க வேண்டாம். ரேடார் சொல்வது வாயில் இருந்த வேகம், ஒளித்திரை சொல்வது பத்து அடி தள்ளி மிஞ்சிய வேகம்.

ஆனால் ரிவால்வர்காரர் கவனித்தே தீர வேண்டியது கருவியை வைக்கும் இடம். குழாய் வாய்க்குச் சற்றுப் பின்னே, பக்கவாட்டில் ஓரடி அளவுக்குள் வைப்பதுதான் வழக்கம். ரைஃபிளில் அது பாதுகாப்பான இடம். நான்கு அங்குல ரிவால்வரில் வாய்க்கு நான்கு அங்குலம் பின்னே போனால் நேரே சிலிண்டருக்கும் குழாய்க்கும் நடுவே உள்ள இடைவெளிக்குப் பக்கத்தில் கருவி உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு வெடிக்கும் அந்த இடைவெளியிலிருந்து சூடான வாயுவும் ஈயத் துணுக்கும் இரு பக்கமும் தகடுபோல் வெட்டி அடிக்கும். திரையில் கரி படிவது போகட்டும், பிளாஸ்டிக் முகப்பே பொத்தலாகும். ஆகவே இடைவெளியின் நேர்க்கோட்டிலிருந்து நன்றாகப் பின்னே, மணிக்கட்டுக்குப் பக்கத்தில், மேசை மட்டத்தில் தாழ்வாக வையுங்கள். குண்டு போகும் பாதை கருவியின் பார்வையில் தடையில்லாமல் இருக்க வேண்டும். மணல் மூட்டையோ மேசை விளிம்போ குறுக்கே வரக் கூடாது. பக்கத்தில் இன்னொருவர் சுட்டுக்கொண்டிருந்தால் அவருடைய இடைவெளிக்கு நேரேயும் உங்கள் கருவி இருக்கக் கூடாது. ரிவால்வரின் முன்பகுதியில் விரல் வைத்துப் பற்றும் பழக்கம் உள்ளவர்களுக்குச் சொல்வதையே கருவிக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது.

கருவி வாங்கியதும் முதல் வேலை அதைத் தெரிந்த ஒன்றோடு ஒப்பிடுவது. .22 ரைஃபிளில் சிசிஐ ஸ்டாண்டர்டு வெலாசிட்டி தோட்டாவைச் சுடுங்கள். பெட்டியில் 1,070 அடி என்று இருக்கும். உங்கள் குழாயில் அதே எண் வர வேண்டும் என்பதில்லை, அதன் அக்கம்பக்கத்தில் வந்தால் போதும். அடுத்து, பிரச்சினை உள்ள அதே ரிவால்வரில் அதே எடைக் குண்டு உள்ள தொழிற்சாலைத் தோட்டா. அதுவும் பெட்டியில் போட்டதைவிட 80, 100 அடி குறைவாக ஓடினால் உங்கள் அடைப்பைக் குறை சொல்ல வேண்டியதில்லை. துப்பாக்கியின் பக்கம் திரும்புங்கள்.

துப்பாக்கி எவ்வளவு திருடுகிறது என்பது பலருக்கும் தெரிவதில்லை. கையேட்டு எண்கள் எந்தக் குழாயில் எடுத்தவை என்று முதலில் பாருங்கள். வெடிமருந்து நிறுவனமான ஹாட்ஜ்டனின் பட்டியலில் .38 ஸ்பெஷல் ரகத் தோட்டா 7.7 அங்குலக் குழாயில் சுடப்பட்டது, .357 மேக்னம் 10 அங்குலத்தில். இவை இடைவெளி இல்லாத மூடிய சோதனைக் குழாய்கள்; நீளத்தில் தோட்டா அமரும் அறையும் சேர்த்தி. ரிவால்வரின் "நான்கு அங்குலம்" சிலிண்டரைச் சேர்க்காத நீளம். எனவே இரண்டு எண்களையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது நியாயமில்லை. இரண்டு அங்குலக் குட்டி ரிவால்வரில் கையேட்டு எண்ணைவிட நூறு அடிக்கு மேல் குறைவது இயல்பு, அதில் பழுது ஏதுமில்லை.

நீளத்துக்கு அடுத்தது சிலிண்டர் இடைவெளி. துப்பாக்கி காலி என்று இருமுறை உறுதி செய்துகொண்டு ஃபீலர் கேஜ் எனப்படும், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளை நுழைத்துப் பாருங்கள். 0.004 முதல் 0.008 அங்குலம் வரை சாதாரணம். 0.010 தாண்டினால் வாயு வீணாகிறது, துப்பாக்கிப் பழுதுபார்ப்பவர் கைக்குப் போக வேண்டியது அது. சிலிண்டரைப் பின்னே தள்ளி ஒருமுறை, முன்னே தள்ளி ஒருமுறை என அளந்தால் முன்பின் ஆட்டமும் தெரியும். அதன் பிறகு சிலிண்டரின் ஒவ்வோர் அறையின் வாய்க்கழுத்து, அதாவது குண்டு வெளியேறும் முன்துளை. குண்டைவிட அது அகலமாக இருந்தால் வாயு குண்டைச் சுற்றி முந்திக்கொண்டு ஓடும். வேகம் போகும், குழாயில் ஈயமும் படியும். .45 கோல்ட் ரகத்தில் பழைய சில ரிவால்வர்களின் கழுத்து 0.456 வரை இருக்கும், குண்டு 0.452. எவ்வளவு நல்ல மருந்தை அடைத்தாலும் அந்த அங்குலத்தின் ஆயிரத்தில் நான்கு பங்கு வழியே அது ஒழுகிக்கொண்டுதான் இருக்கும். கழுத்தை அளக்கச் சுலபமான வழி, மென்ஈயக் குண்டு ஒன்றைச் சிலிண்டரின் முன்பக்கமிருந்து மரக்குச்சியால் மெல்லத் தட்டித் தள்ளி, வெளியே வந்ததை மைக்ரோமீட்டரில் வைப்பது.

ரேடாரின் உண்மையான அருமை இந்த இடத்தில் தெரியும். ஆறு அறைகளையும் மார்க்கர் பேனாவால் எண்ணிட்டு, ஒன்றாம் அறையிலிருந்து வரிசை மாறாமல் சுடுங்கள். கருவி ஒவ்வொரு வெடிக்கும் வரிசை எண் போட்டுவைக்கும். 1, 7, 13, 19, 25 எல்லாம் ஒரே அறை. 2, 8, 14 அடுத்தது. அறைக்கு ஐந்து வீதம் முப்பது தோட்டாவை ஒரே அமர்வில் சுட்டு, செயலியிலிருந்து எண்களை எடுத்து ஆறு நிரல்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஓர் உதாரணம்: அறைச் சராசரிகள் 802, 798, 805, 761, 800, 797. மொத்தச் சராசரி 794 என்றுதான் திரையில் தெரியும், நியமவிலக்கம் ஊதிப்போயிருக்கும். நீங்களோ கிரிம்பையும் (குண்டைப் பிடிக்கக் கூட்டின் வாயை மடிப்பது) பிரைமரையும் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். நான்காம் அறையை விட்டுவிட்டால் மற்ற ஐந்தின் சராசரி 800. குற்றவாளி ஓர் அறை. ஒளித்திரையிலும் இதைச் செய்யலாம்தான், ஆனால் நடுவில் ஒரு வெடி பதிவாகாமல் போனால் வரிசை குழம்பி எல்லாம் வீண். ரேடாரும் எப்போதாவது தவறவிடும் என்பதால் ஒவ்வோர் ஆறுக்கும் ஒருமுறை திரையில் எண்ணிக்கையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எத்தனை தோட்டா சுட வேண்டும் என்பதில் கருவியின் ±0.1 சதவீதம் பலரை ஏமாற்றுகிறது. 790 அடியில் அது ஓர் அடிக்கும் குறைவான பிழை. ஆனால் உங்கள் தோட்டாக்களின் நியமவிலக்கம் 20 அடி என்றால், ஐந்து வெடியின் சராசரியே இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ 9 அடி ஆடும். பத்தில் 6, இருபதில் 4 அல்லது 5. போட்டிக்காரர்களுக்கு இது வயிற்றில் புளியைக் கரைக்கும் கணக்கு. யூஎஸ்பிஎஸ்ஏ என்ற அமெரிக்கத் துப்பாக்கிச் சுடும் சங்கத்தின் போட்டியில் மைனர் என்ற தோட்டாத் தகுதிக்கு 125 பவர் ஃபேக்டர் வேண்டும். 158 கிரெயின் குண்டு 790 அடியில் போனால் 124.8, தோல்வி, 792இல் 125.1, தேர்ச்சி. ஐந்து வெடியில் 800 வந்தது என்று நிம்மதியாகப் போட்டிக்குப் போகிறவர் அங்கே வேறு சில வெடிகளில் 788ஐப் பார்க்க நேரலாம். கருவி எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் இருபதுக்குக் குறைந்து முடிவு எடுக்காதீர்கள்.

இனி அடைப்பின் பக்கம். துப்பாக்கி குற்றமற்றது என்று தெரிந்த பிறகே இங்கே வர வேண்டும்.

மருந்தின் எடைதான் முதலில். மருந்தை அளந்து கொட்டும் அளவைக் கருவி வீசுகிற பத்து வீச்சைத் தனித்தனியே நிறுத்துப் பாருங்கள், சேர்த்து நிறுத்துச் சராசரி எடுக்காதீர்கள். கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று மறைத்துவிடும். தராசுக்குச் சோதனை எடைக்கல் வைத்துச் சரிபார்ப்பது கட்டாயம். மின்தராசு சூடாகும்வரை காத்திருங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், கைபேசியைத் தள்ளி வையுங்கள். .38 ஸ்பெஷல் போன்ற சிறு அளவுகளில் 0.1 கிரெயின் பிசகு 10 முதல் 20 அடி வரை காட்டும். யூனிக் போன்ற பெருஞ்செதில் மருந்து அளவைக் குழாயில் பாலம் கட்டிக்கொள்ளும்: ஒரு வீச்சு குறையும், அடுத்தது கூடும். ஒவ்வொரு வீச்சிலும் கைப்பிடியை ஒரே வேகத்தில், மேலும் கீழும் ஒரே தட்டலோடு இயக்கினால் இது வெகுவாக அடங்கும்.

அடுத்தது, மருந்தையும் குண்டையும் தாங்கும் உலோகக் கூடு எது என்பது. .38 ஸ்பெஷலின் பட்டியலைப் பார்த்து .357 மேக்னம் கூட்டில் அடைத்தால், கூடு நீளம் என்பதால் உள்ளே வெற்றிடம் அதிகம், வேகம் தெளிவாகக் குறையும். அதற்கு மருந்து குறைவென்று அர்த்தமில்லை. அந்தக் கூட்டுக்கு வெளியான பட்டியலையே எடுத்துக்கொள்ளுங்கள், தோராயமாகக் கூட்டாதீர்கள்.

பெரிய கூட்டில் சிறு அளவு மருந்து போட்டிருந்தால் அது எங்கே கிடக்கிறது என்பதே வேகத்தை மாற்றும். இதைச் சோதிக்க ரேடார் அருமையான துணை. ஐந்து தோட்டாக்களுக்கு, ஒவ்வொரு முறையும் குழாயைச் சுடுதளத்தின் பாதுகாப்பான திசையில் மெல்லக் கீழே சாய்த்து, நிமிர்த்திச் சுடுங்கள். மருந்து குண்டின் பக்கம் போய்விடும். அடுத்த ஐந்துக்குக் குழாயை மேலே தூக்கி, பொறுமையாகத் தாழ்த்திச் சுடுங்கள். மருந்து பிரைமர் பக்கம் வந்துவிடும். முன்பக்கம் கிடந்தால் வேகம் குறையும். இரண்டு சராசரிக்கும் 50 அடி, சில மருந்துகளில் அதற்கு மேலும் வித்தியாசம் வரும். அப்படி வந்தால் உங்கள் மருந்து இடம் பார்த்து நடக்கிறது. கூட்டை நன்றாக நிரப்பும் இன்னொரு மருந்தைத் தேடுவதுதான் தீர்வு. மேலே தூக்குவதற்கு அனுமதிக்காத சுடுதளங்கள் உண்டு. அங்கே துப்பாக்கியை மட்டமாகப் பிடித்து மெல்லத் தட்டிச் சமன்படுத்திய எண்ணையே அடிப்படையாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கூடு குண்டை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது என்பது ரிவால்வரில் இரட்டை முக்கியம். பிடி தளர்ந்தால் மருந்து சரியாக எரியத் தொடங்கும் முன்பே குண்டு நகர்ந்துவிடும். கூட்டின் வாயை விரிக்கும் விரிப்பான் முளையின் விட்டம் குண்டைவிட 0.002 முதல் 0.003 அங்குலம் குறைவாக இருக்க வேண்டும்; வார்ப்பு ஈயக் குண்டுக்கென்று பெரிய முளை வாங்கி வைத்துவிட்டுச் செம்பு உறைக் குண்டுக்கும் அதையே போடுவது அடிக்கடி நடக்கும் பிழை. ரோல் கிரிம்ப் குண்டின் பள்ளத்துக்குள் முழுதாகத் திரும்பியிருக்க வேண்டும். சோதனை எளிது: ஆறாவது தோட்டாவின் மொத்த நீளத்தை கேலிப்பரில் அளந்துகொண்டு சிலிண்டரில் போடுங்கள், ஐந்தைச் சுட்டுவிட்டு ஆறாவதை வெளியே எடுத்து மறுபடி அளவிடுங்கள். நீண்டிருந்தால் உதைப்பில் குண்டு கூட்டிலிருந்து ஊர்ந்து வருகிறது. வேகம் குறைவதோடு, குண்டு சிலிண்டரைத் தாண்டி நீட்டினால் சுழற்சியே நின்றுவிடும்.

ஹெச்110, வின்செஸ்டர் 296 இரண்டும் ஒரே மருந்துதான். அதற்கு மேக்னம் பிரைமர், நிரம்பிய கூடு, கனமான கிரிம்ப் மூன்றும் வேண்டும். வெளியிடப்பட்ட அளவிலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் குறைக்க வேண்டாம் என்று ஹாட்ஜ்டனே எச்சரிக்கிறது. "மிதமாக அடிக்கட்டும்" என்று குறைத்தால் மருந்து பற்றாமல் குண்டு குழாயில் நின்றுவிடலாம். மிதமான வேகம் வேண்டுமானால் வேறு மருந்துக்குப் போங்கள்.

பிரைமர் கூட்டின் அடிமட்டத்துக்குச் சற்று உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும். மேலே துருத்தினால் சுத்தியல் அடியின் பாதி அதை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடும். விசையை மென்மையாக்க முதன்மை ஸ்பிரிங்கைத் தளர்த்தியவர்களுக்கும் இதே கதி: பிரைமர் வெடிக்கும், ஆனால் ஒரே சீராகப் பற்ற வைக்காது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரகத்தில் கைப்பிடியின் முன்பக்கம் இருக்கும் ஸ்ட்ரெயின் திருகு தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வேகம் ஒருநாள் நன்றாகவும் ஒருநாள் மோசமாகவும் வருவதற்கு இந்தத் திருகு பலமுறை காரணமாகியிருக்கிறது.

கருவி சொல்லாததைச் சுட்ட கூடுகள் சொல்லும். கூட்டின் வெளிப்பக்கத்தில் வாயிலிருந்து கீழே வரை கரி வழிந்திருந்தால், கூடு விரிந்து அறைச் சுவரோடு ஒட்டும் அளவுக்கு அழுத்தம் வரவில்லை. சுட்ட கூடுகளை வெளியே தள்ளும் எக்ஸ்ட்ராக்டர் நட்சத்திரத்தின் அடியில் மஞ்சள் துகள்கள் கிடந்தால் மருந்து முழுதாக எரியவில்லை. அவற்றைத் துடைக்காவிட்டால் சிலிண்டர் மூடாமல் முரண்டு பிடிக்கும். கரியும் துகளும் சேர்ந்து, எண்களும் சிதறினால் கிரிம்ப், பிடி, பிரைமர் பக்கம் போங்கள். கூடுகள் சுத்தமாக இருந்து, எண்கள் நெருக்கமாக இருந்து, சராசரி மட்டும் குறைந்தால் அது பெரும்பாலும் துப்பாக்கியின் கணக்கு. சந்தேகம் தீராவிட்டால் ஒரு சில தோட்டாக்களைப் பிரித்து மருந்தை நிறுத்துப் பாருங்கள். வார்ப்பு ஈயக் குண்டாக இருந்தால் அதன் அடியைக் கவனியுங்கள்: மசகு மெழுகில் மருந்துத் துகள்கள் ஒட்டிக் கறுத்திருந்தால் உங்கள் மருந்தில் ஒரு பகுதி எரியவே இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். பேட்டரியை மாற்ற முடியாது. பழசானால் கருவியும் சேர்ந்தே முடங்கும். வெயிலில் சிறு திரையைப் படிக்கக் கையால் மறைக்க வேண்டியிருக்கிறது. அறைவாரியாகப் பிரித்துக் காட்டும் வசதி இல்லை, விரிதாளில் நாமே செய்ய வேண்டும். ரிவால்வர்க்காரர்களுக்கு இது பெரிய குறைதான், மென்பொருளில் ஓர் ஆறு நிரல் அட்டவணை போதும். அழுத்தத்தை எந்த வேகமானியும் அளக்காது, இதுவும் அப்படியே. வெடித்துமுடிந்த எண்களை வைத்து "இன்னும் இடமிருக்கிறது" என்று முடிவுக்கு வர இது அனுமதிச் சீட்டு ஆகாது. கையேட்டின் அதிகபட்சமே எல்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றை மறந்துவிடக் கூடாது. ஒலி மெலிதாக, உதைப்பு இல்லாமல் ஒரு வெடி போய், திரையில் எண் வராவிட்டால் "கருவி தவறவிட்டது" என்று நினைத்து அடுத்த விசையை இழுக்காதீர்கள். குண்டு குழாயில் நின்றிருக்கலாம். அதன்மேல் அடுத்த குண்டு போனால் குழாய் வீங்கும் அல்லது கிழியும். துப்பாக்கியைப் பாதுகாப்பான திசையில் அரை நிமிடம் பிடித்து, சிலிண்டரைத் திறந்து எல்லாத் தோட்டாவையும் எடுத்து, குழாய்க்குள் பித்தளைக் கம்பியை விட்டு முழுதும் போகிறதா என்று பாருங்கள். போகாவிட்டால் சுடுதளத்தில் தட்டி எடுக்க முயலாமல் அன்றைய சோதனையை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.